மோட்டாரை நிறுத்தட்டா சார்?

எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதனால்தான் செயலாளர் ஆனேன். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. கூட்டத்துக்கு யாரெல்லாம் வரவில்லை என்று எண்ணி, அவர்களில் வாய் நீளமானவன் யார் என்று யோசித்து, ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சாயங்காலம் பழைய செயலாளர் வந்து, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சாவிக் கொத்தைத் திணித்துவிட்டுப் போனார். வாங்கும்போது வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். கதவைச் சாத்தியதும் ஒவ்வொரு சாவியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவள் சொல்வது பொய்யில்லை. அந்தச் சமயத்தில் எனக்குச் சாவி ஏதாவது தேவைப்பட்டது. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வாரம் இரண்டு நாள் அம்பத்தூர் அலுவலகம், மிச்ச நாள் வீட்டில் இருக்கும் சின்ன அறை. என் மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் மூச்சு விடுவதைக்கூட ஒரு அட்டவணையில் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒன்பது மணிக்கு இன்றைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு, பகலெல்லாம் அவருக்குப் பதில் சொன்னதில் ஏன் ஒன்றையும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். நான் எழுதும் கடிதங்களில் கமாவை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்வார். அனுப்பிய பிறகு அந்தக் கமா எங்கே போனது என்று கேட்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அந்தப் பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரம் மவுசைத் தொடாவிட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் அவரிடமிருந்து ஒரு கேள்விக்குறி வரும். வேறு எழுத்து இருக்காது, வெறும் கேள்விக்குறி. அதற்குப் பயந்து காலைச் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே வைத்துக்கொள்வேன். என் மனைவி வலது கையால் தோசையை வைப்பாள், இடது கையால் மவுசை ஆட்டுவாள். "இதுக்கும் ஒரு சம்பளம் போட்டுத் தரச் சொல்லுங்க" என்பாள். நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு பிழைப்பு. அங்கே குனிந்து வாங்கிக்கொண்டதை எங்கேயாவது நிமிர்ந்து நின்று கொடுக்க வேண்டும் என்று என் மனசு காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் வந்து மாட்டியவர் மோட்டார்க்காரர்.

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் முழுக்க அவர் கையில் இருந்தது. இரண்டு ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர். அதிலிருந்து ஏறும் தண்ணீர் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் விழும், அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும். அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஊர்க்காரர். என் வயதுதான் இருக்கும். எட்டு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறார். கையில் கடிகாரம் கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தத்தில் என்ன மாறுமோ தெரியாது, திடீரென்று எழுந்துபோய் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து விட்ட வரியிலிருந்து படிப்பார். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. அது கெட்டுப்போய் எவ்வளவோ நாளாகியும் யாரும் கவலைப்படவில்லை. அவர் காது இருந்தது.

"எதை வைச்சு நிறுத்துறீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"சத்தம் கேக்குதில்ல சார். போர் களைச்சிப் போச்சின்னா சொல்லிடும். கொஞ்சம் ஊற உட்டுட்டு மறுபடியும் போடணும்."

போர் சொல்லுமாம். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்பத்தெட்டு குடும்பத்தின் தண்ணீர் ஒரு மனிதரின் காதை நம்பி ஓடுகிறது, எழுத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கே ஒரு அட்டவணை போட்டேன். முதல் போர் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, இரண்டாவது போர் மதியம், செடிகளுக்குத் தண்ணீர் மாலை ஐந்து மணி. நிறம் நிறமாகக் கட்டம் கட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். தண்ணீருக்கென்று தனி வாட்ஸப் குழு ஆரம்பித்து எல்லா வீட்டாரையும் சேர்த்தேன். போடும்போது ஒரு படம், நிறுத்தும்போது ஒரு படம். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலுக்கு அனுப்பினால்தான் எதையும் தொடலாம். அவருக்கு எழுத்து அடிக்க வராது என்பதால் குரல் பதிவாக அனுப்ப அனுமதி கொடுத்தேன். அது பெரிய சலுகை என்று எனக்கு நினைப்பு.

முதல் வாரம் அமர்க்களமாகப் போனது. காலையில் பால்கனியில் டீயோடு நிற்பேன். இரண்டாம் மாடியிலிருந்து பார்த்தால் ஸ்டார்ட்டர் பெட்டி நேராகத் தெரியும். அவர் பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். நான் கட்டைவிரலைத் தூக்குவேன். அவர் அமுக்குவார். வாட்ஸப்பிலும் உண்டு, நேரிலும் உண்டு. என் மனைவி ஒரு நாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "கொடியை ஆட்டுங்க, ரயிலும் கெளம்பும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் சித்திரை மழை ஊற்று ஊற்று என்று ஊற்றியது. அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்த எனக்கு வழக்கம்போல் ஐந்து மணிப் படம் வந்தது. பார்க்காமலேயே கட்டைவிரலை அனுப்பினேன். கூட்டம் முடிந்து பால்கனிக்கு வந்தால், மோட்டார்க்காரர் இடது கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் குழாயைப் பிடித்து, கொட்டும் மழையில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மழை பெய்யுதே!" என்று கத்தினேன்.

"பெய்து சார். நீ தான் ஓகே போட்ட."

முகத்தில் சிரிப்பு இல்லை. கிண்டல் செய்கிறாரா, பயப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தைத் திறந்து பார்த்தேன். குடை, குழாய், மழை எல்லாம் தெளிவாக இருந்தது. நான் போட்ட கட்டைவிரலும் அதற்குக் கீழே இருந்தது. குழுவில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் மேலாளர், இருபது பேர் இருந்த கூட்டத்தில், "இதை யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?" என்று என்னைக் கேட்டார். ஒரு சின்னத் தப்பைத் திருத்தி நானாக அனுப்பியிருந்தேன். திருத்தியது சரிதான். கேட்காமல் செய்ததுதான் குற்றம். காது மடல் சூடாகிப்போய் அறையை விட்டு வெளியே வந்தேன். அப்போது கீழே மோட்டார் நின்றிருந்தது. மணி பத்து நாற்பது. அட்டவணையில் பன்னிரண்டு வரை ஓட வேண்டும்.

குழுவில் எழுதினேன்: "யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?"

பத்து நிமிடம் கழித்துக் குரல் பதிவு வந்தது. "போர் காத்து உட்டுது சார், அதான் அமுத்திட்டேன்."

"அட்டவணை எதற்கு ஒட்டியிருக்கிறது? என்னைக் கேட்காமல் இனி எதையும் நிறுத்தக் கூடாது." எல்லா வீட்டாரும் பார்க்கும் இடத்தில் இதை எழுதினேன். இரண்டு பேர் கை தட்டும் படம் போட்டார்கள். எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. வெகு நேரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. "தப்பு சார். இனிமே கேட்டுதான்."

அதற்குப் பிறகு அவர் பேப்பர் படித்து நான் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பத்து மணிக்கு முதல் போருக்குக் கட்டைவிரலை அனுப்பிவிட்டு, மேலாளரின் மாதாந்தரச் சோதனைக் கூட்டத்துக்கு உட்கார்ந்தேன். கேமரா போட்டிருக்க வேண்டும், போன் சத்தமில்லாமல் கவிழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஒவ்வொரு வரியாகப் போனார். ஒரு வரியில் எழுத்தின் அளவு மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. அது ஏன் என்று இருபது நிமிடம் பேசினோம். என் மனைவி அவளுடைய பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தாள். வீட்டு வாசலில் "அலுவலக நேரம், அழைப்பு மணி அடிக்கக் கூடாது" என்று நான் ஒட்டிய தாள் இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குப் போனைத் திருப்பினேன். ஒன்பது தவறிய அழைப்புகள், குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பிய மூன்று குரல் பதிவுகள். பதிவுகளை நான் கேட்கவே இல்லை. கேட்பதற்குள் கீழே ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து வயர் தீய்ந்த வாடை வந்துவிட்டது.

தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் எரிந்துபோனது. ஆழத்தில் கிடக்கும் மோட்டாரை வெளியே தூக்க ஒரு வண்டி வர வேண்டும். கோடையில் அந்த வண்டிக்காரர் மூன்று நாள் கழித்துத்தான் வருவேன் என்றார். இரண்டாவது போரில் நூல் மாதிரி தண்ணீர். லாரித் தண்ணீருக்கு நாயாய்ப் பேயாய் அலைந்தோம். நான்காம் மாடியில் ஒரு வளைகாப்பு. வளையல் போட வந்த சொந்தக்காரர்கள் பட்டுச்சேலையோடு வாளி தூக்கிக்கொண்டு படியேறினார்கள். குழுவில் எல்லாரும் கொதித்தார்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டு மோட்டாரை எரிய விட்டிருக்கிறார், இவ்வளவு அலட்சியமா, ஆளை மாற்றுங்கள் என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்யலாம்" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மாடிப்படியில் என்னைப் பிடித்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"மேல வந்தேன் சார் அன்னிக்கு. பெல்லுல கைய வெச்சேன். அந்த போர்டு கீதில்ல, எறங்கிட்டேன்."

"நீங்களே அமுத்தியிருக்கலாமே அண்ணே" என்றேன். வெட்கம் கெட்ட கேள்வி, ஆனாலும் கேட்டேன்.

"எப்டி சார்? நீ தான் எல்லார் முன்னாடியும் கேக்காம தொடாதன்ட. நா இன்னா பண்றது, சொல்லு." கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "வேல போனா போவுது சார். நசரத்பேட்டைல ஒரு அப்பார்ட்மெண்ட்டுல ரொம்ப நாளா கூப்ட்டுகினுதான் கீறாங்கோ. ஆனா மோட்டார எரிச்சவன்னு பேர் வெச்சி அனுப்பிடாத. எட்டு வருசம் சார். அந்தப் பேரோட போனா எவன் சார் மோட்டார்கிட்ட உடுவான்?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவ்வளவு மட்டமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் போனால் என் மனைவி என் போனோடு உட்கார்ந்திருந்தாள். "இதை இன்னும் கேக்கலையா நீங்க?" என்று அந்த மூன்று பதிவுகளையும் போட்டுவிட்டாள். கேட்டு முடித்ததும் போனை மேசைமேல் வைத்தாள். எழுந்து போகும்போது சொன்னாள்: "உங்க மேனேஜர் ஒரு கமாவுக்கு உங்களைப் படுத்துதாரு. நீங்க பரவால்ல, ஒரு ஆளையே எரிச்சிட்டீங்க."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில்தான் கோபம் யார்மேல் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்தில் கார்கள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடினோம். இந்த முறை எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பொறுப்பு வந்துவிடும். மோட்டார்க்காரர் ஒரு தூண் ஓரமாக நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தீர்மானம் தயாராக இருந்தது. கவனக்குறைவால் மோட்டாரை எரித்ததற்காக வேலையிலிருந்து நீக்கம். செயலாளர் என்ற முறையில் அதைப் படிக்க வேண்டியவன் நான்.

பொங்கல் விளையாட்டுக்கு வாங்கிய ஸ்பீக்கர் ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் போனோடு இணைத்து, மேசைமேல் வைத்து, முதல் பதிவைப் போட்டேன்.

சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம். நடுவில் ஒரு திணறல். "சார், சத்தம் மார்து சார். காத்து வருது. நிறுத்தட்டா?"

இரண்டாவது. தண்ணீர் விட்டு விட்டு விழுகிறது. "சார், நின்னு நின்னு வருது. ரொம்ப நேரம் தாங்காது. சொல்லு சார், நிறுத்தட்டா?"

மூன்றாவதில் தண்ணீரே இல்லை. வெறும் காற்று உஸ்ஸென்று வருகிறது. அவர் குழாய்ப் பக்கத்தில் போனைப் பிடித்திருக்கிறார், நான் கேட்க வேண்டும் என்று. வெகு நேரம் அந்தக் காற்றுதான். கடைசியில் மட்டும் ஒரு "சார்...".

ஸ்பீக்கரை அணைத்தேன். "இவர் கேட்டார்" என்றேன். "மூன்று தடவை கேட்டார், ஒன்பது தடவை கூப்பிட்டார், வாசல் வரைக்கும் வந்தார். பதில் சொல்ல வேண்டியவன் நான். கேட்காமல் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நான். சட்டம் இல்லாத எட்டு வருடமும் இந்த மோட்டார் ஒரு நாள்கூட எரியவில்லை. மோட்டாரை எரித்தது நான்தான். பெயரை எழுதுவதாக இருந்தால் என் பெயரை எழுதுங்கள்."

பழைய செயலாளர் எழுந்து, "அப்போ யாரைத்தான் நீக்குறது?" என்று கேட்டார்.

"செயலாளரை நீக்கலாம்" என்றேன். நிஜமாகவே ஆசையாகத்தான் சொன்னேன்.

அதைச் சொன்னதும் கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது. நீக்கினால் அடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு அவசர வேலை நினைவு வந்தது. முடிவில், செயலாளர் தன் தவறை உணர்ந்திருப்பதால் அவரே தண்டனையாகத் தொடர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. மோட்டார்க்காரர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் வரவில்லை.

நாற்காலிகளை அடுக்கும்போது அவரிடம் போனேன். "மன்னிச்சிருங்க அண்ணே. இங்கேயே இருங்க. என்ன வேணும் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "ஒண்ணியும் வேணாம் சார். அந்த குரூப்புலேர்ந்து என்ன எடுத்துடு."

எடுத்தேன். குழுவையே கலைத்தேன். புது மோட்டார் இறங்கிய அன்றைக்கே தானாக நிறுத்தும் கருவியையும் மாற்றினோம். அட்டவணையைக் கிழித்தேன். பிளாஸ்டிக் உறை கிழியாமல் அழிச்சாட்டியம் செய்தது, வாசலில் ஒட்டிய தாளும் கூடவே போனது. முதல் சில நாட்கள் எனக்குக் கை அரித்தது. மோட்டார் ஓடும்போது மணி பார்ப்பேன். போனை எடுப்பேன், வைப்பேன். அவரைப் பார்க்கும்போது வாயில் வரும் பத்துக் கேள்விகளில் ஒன்பதை விழுங்கிவிட்டு, "தண்ணி ஒழுங்கா வருதா அண்ணே?" என்று மட்டும் கேட்கப் பழகினேன். "வந்துகினு கீது சார்" என்பார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் நாள் பிடித்தது.

என் அலுவலகத்தில் எதுவும் மாறவில்லை. பச்சைப் புள்ளி அப்படியேதான் இருக்கிறது. என் மனைவி இன்னும் மவுசை ஆட்டுகிறாள், இன்னும் சம்பளம் கேட்கிறாள்.

போன வாரம் காலையில் டீயோடு பால்கனியில் நின்றேன். மோட்டார்க்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார், மடியில் பேப்பர். சத்தம் மாறியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போனார். சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தார். வைத்துவிட்டு, அமுக்காமல், அண்ணாந்து என் பால்கனியைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்.

குழுவைக் கலைத்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கேட்க வேண்டியதில்லை என்று நானே பல முறை சொல்லிவிட்டேன். அவர் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.

சட்டென்று பால்கனிச் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். டீ பாதி லுங்கியில் கொட்டியது, சுட்டது. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன செய்யுதீங்க அங்க?" என்றாள். வாயில் விரலை வைத்துப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

கீழே கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் பொத்தான் "டக்" என்றது. தண்ணீர் விழுவது நின்றது. பேப்பர் புரளும் சத்தம் கேட்கும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.